சாய்மானம் வைத்த வண்டி

தேங்காய் எண்ணெய் தொட்ட பனியன் துணியால் வண்டியின் சாரி கார்டைக் கம்பி கம்பியாகத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். கடலோரத்தில் இரும்பை ஒருநாள் மறந்தால் மறுநாள் அது மஞ்சள் பூசிக்கொண்டு நிற்கும், அதனால் எங்கள் சங்குமணலில் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் கைக்குழந்தைக்குப் போடுகிற மாதிரி வண்டிக்கும் எண்ணெய் போடுவார்கள். இந்தக் கம்பிகள் முடிந்ததும் முன்னால் இருக்கிற குட்டி நாற்காலி, பிறகு ராயப்பன் மாமாவுக்காக நீட்டி வைத்த இடது மிதி, பிறகு குடை சொருகுகிற குழாய், எல்லாம் முடிந்த பிறகுதான் பின் சீட்டின் சாய்மானம். வண்டியைத் துடைத்து வை என்று மாமி காலையில் சொன்னார்கள். வேறொன்றும் சொல்லவில்லை, ஆனால் எதற்கென்று எனக்குத் தெரியும், தெருவுக்கும் தெரியும், அதனால்தான் இன்றைக்கு இந்தப் பக்கம் ஒருவரும் வரக் காணோம். மாமி தன் மகனை, என் வீட்டுக்காரரைக் கூப்பிடப் போகிறார்கள். மகன் வந்து இந்தச் சீட்டில் உட்கார்ந்தால் அவர் செத்துப்போனார் என்று அர்த்தம், உட்காராவிட்டால் எங்கேயோ இருக்கிறார் என்று அர்த்தம். வண்டியின் கதையைச் சொல்லிக்கொண்டே துடைத்தால் கை கொஞ்சம் மெதுவாகப் போகும், அதற்காகச் சொல்கிறேன்.

வண்டியைப் பதிந்து வைத்தது என் மகள் அக்சிலியாவின் அப்பாதான். வண்டி வர நாளாகும் என்று ஷோரூமில் சொன்னார்களாம், வரட்டும், கடல்காரனுக்குக் காத்திருக்கவா சொல்லிக் குடுக்கணும் என்று இவர் கேட்டாராம். பெட்ரோல் வேண்டாத வண்டி, சத்தம் போடாத வண்டி, நீயும் வாயத் தொறக்காதவ, ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகும் என்று வீட்டுக்கு வந்து என்னைச் சீண்டினார். அதற்குப் பிறகு ஒரு விடியற்காலம் தனியாக வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனார். வள்ளம் தெற்கே மிதந்தது, கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். வலை வந்தது, தூக்குவாளி பாதிச் சோற்றோடு வந்தது, கழற்றிப் போட்ட சட்டைகூட மடித்தபடி வந்தது, அவர் வரவில்லை. சுற்றுப்பட்ட ஊர் ஆண்கள் எல்லாரும் தேடினார்கள், தேடிக் களைத்தார்கள், தங்கள் பாட்டுக்குத் தொழிலுக்குத் திரும்பினார்கள். அப்போது ஷோரூமிலிருந்து போன் வந்தது, உங்க வண்டி வந்திருச்சு, வந்து எடுத்துக்கிடுங்க என்று.

நானும் கொழுந்தன் ரெமிஜியுசும் அக்சியைத் தூக்கிக்கொண்டு போனோம். புது வண்டியை மொட்டையாக வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று கொழுந்தன் பக்கத்திலிருந்த எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் கடையில் நிறுத்திவிட்டு டீ வாங்கப் போனான். கடைக்காரர் சுடலைமணி ஸ்பானரைக் காதுக்கு மேல் சொருகிக்கொண்டு கேட்டார்.

"சாரி கார்டு போட்டுருவோமாம்மா?"

தலையை ஆட்டினேன்.

"காலுக்கு மேட்டு? மழைக்கு சீட்டுக் கவரு?"

அதற்கும் ஆட்டினேன். பேசாமல் இருந்தால் அந்நிய ஆண்களிடம் எல்லா வேலையும் தலையிலேயே முடிந்துவிடும்.

"பின்னாடி யாரு உக்காருவா?"

அந்தக் கேள்விக்குத் தலையை ஆட்ட வழியில்லை. "இவ அப்பா" என்று சொல்லிவிட்டேன்.

"ஆளு எவ்வளவு உசரம்?"

எழுந்து நின்று என் தலைக்கு மேல் கையை வைத்துக் காட்டினேன், அவர் முகத்தைப் பார்க்க நான் அண்ணாந்து பார்ப்பேனே, அந்த உயரம்.

"அப்போ முதுகுக்குச் சாய்மானம் வச்சிருவோம். நெட்டையான ஆளுக்குப் பிடிமானம் இல்லேன்னா சங்கடம். பொண்டாட்டி ஓட்டி புருசன் பின்னாடி உக்காருதது பெரிய மனசும்மா, அதுக்காவது நல்லதா வைக்கணும்" என்று சிரித்துக்கொண்டே அளவு பார்த்து, கறுப்பு மெத்தை வைத்த சாய்மானத்தை முடுக்கினார். கொழுந்தன் டீயோடு வந்து அதைப் பார்த்தான். யாருக்கு என்று கேட்கவில்லை. அவன் கையிலேயே டீ ஆடை கட்டிப்போனது.

மற்ற வண்டிகளில் இல்லாதது இந்த வண்டியில் எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு எனக்குத் தெரிந்த பதில் அவ்வளவுதான். இறந்தவர்கள் பாவம் களைத்துப்போய் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சாய்ந்துகொள்ள ஏதாவது வேண்டியிருந்தது.

முதலில் ஏறியவர் மிக்கேல். அவருடைய அண்ணன் லியோன் சாராயம் குடித்துவிட்டால் செத்துப்போன தம்பியைத் தெருவில் நின்று கூப்பிடுவது வழக்கம், ஊரே அதற்குப் பழகிப்போயிருந்தது. அன்றைக்கு நான் ஏலக்கூடத்துக்கு மீன் எடுக்கப் போய்க்கொண்டிருந்தேன், சிலுவை நிற்கிற குருசடி முக்கில் அவர் நின்றுகொண்டு, "ஏல மிக்கேலு, எம்புட்டு நேரம்ல கடல்லயே கெடப்ப, இந்தா இன்பென்டா போறா பாரு, ஏறி வால" என்றார். பின்னால் மடங்கியிருந்த மிதிகள் டக்கென்று விரிந்தன, சீட்டு அமுங்கியது, சாய்மானம் லேசாக முனகியது, என் தோளுக்குப் பின்னால் பீடியும் கருவாடும் கலந்த வாசம் வந்தது. எனக்குப் பயமாக இல்லை. ஆனால் வேற்று ஆம்பிளை என் பின்னால் உட்கார்ந்திருக்கிறாரே, ஊர் பார்த்தால் என்ன சொல்லும் என்றுதான் கூச்சமாக இருந்தது. ஏலக்கூடத்தில் நிறுத்தினேன், சீட்டு எழும்பியது, வாசம் மீன் கூடைகளுக்கு நடுவே போய்விட்டது. லியோன் பின்னாலேயே ஓடி வந்து அங்கே உட்கார்ந்து தம்பிக்கும் சேர்த்து அழுதார், அதற்குப் பிறகு அவர் குடிக்கவில்லை, கூப்பிட்டால் வருகிறவனை எதற்குக் குடித்துவிட்டுக் கூப்பிட வேண்டும் என்று கேட்டார்.

அப்படியே ஊருக்குப் பழக்கமாகிவிட்டது. காலையில் வாசலைக் கூட்டும்போதே, "ஏட்டி இன்பென்டா, எங்க மாமனார ஒரு எட்டு முடி வெட்டுத கடை வரைக்கும் கொண்டு விட்டுட்டு வாட்டி, அவுகளுக்கு அங்கன உக்காந்து பேப்பர் பாக்கணும்" என்பார்கள், "எங்க அம்மைய மக வீட்டுல எறக்கி விடு, புதுப் பேரன் பொறந்துருக்கான்" என்பார்கள். சொந்தபந்தம் யாராவது பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், அதுதான் ஒரே நிபந்தனை, பேர் சொன்னால் ஏறிவிடுவார்கள், போக வேண்டிய இடம் வந்தால் இறங்கிவிடுவார்கள், எப்போதும் எங்கே போக ஆசைப்பட்டார்களோ அங்கேதான் போனார்கள், சொர்க்கத்துக்குப் போக வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஓசியில் ஏறுகிறோமே என்று ஊர்க்காரர்களுக்கு வெட்கம், ஆளுக்கொரு ஃபிட்டிங் வாங்கி மாட்டினார்கள். ராயப்பன் மாமாவுக்கு வலது காலை விட இடது கால் கட்டை, தொங்கக் கூடாது என்று அவர் மகன் இடது மிதியை நீட்டி உயர்த்தி வைத்தான். மரியசெல்வத்தின் அம்மா வெயில் தாங்க மாட்டார்கள், குடை சொருகக் குழாய் வந்தது. வெற்றிலை துப்பாமல் இருக்க முடியாத ஒருவருக்காகச் சின்ன டப்பா ஒன்று தொங்கியது. சுடலைமணி ஒவ்வொரு தடவையும் தலையைச் சொறிந்துகொண்டே மாட்டினார். "ஒத்தை ஆளுக்கு வாங்குன வண்டி, இப்போ பாருங்க, கலியாண வீட்டு மாட்டு வண்டி கணக்கா நிக்கி" என்றார். பங்குச் சாமியார் முதலில் பிரசங்கத்தில் முகத்தைச் சுளித்தார், இது திருச்சபையில் இல்லாத பழக்கம் என்றார், பிறகு ஒரு சாயங்காலம் அங்கியோடு வந்து தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "சபீனா" என்று அம்மா பேரை அப்பாவைப் போலக் கூப்பிட்டு, பூசை வைக்கும்போது கடைசி வரிசையில் உட்கார வைக்க முடியுமா என்று என்னிடம் கேட்டார். சார்ஜ் சீக்கிரம் இறங்கிவிடுகிறது, இறந்தவர்கள் உயிரோடு இருப்பவர்களை விடக் கனம், அதனால் கோயில் சுவரில் ஒரு பிளக்கைச் சாமியாரே வைத்துக் கொடுத்தார்.

தெருவில் எனக்கு அண்ணி முறையாகிற கொலஸ்திக்கா மயினிதான் கஷ்டப்பட்டார்கள். எங்கள் ஊரில் கட்டியவன் பேரைப் பெண்கள் சொல்வதில்லை, மயினிக்குப் பிள்ளையும் இல்லை, கூப்பிடக் கொழுந்தனும் இல்லை. வண்டிக்கு முன்னால் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "இந்தாருங்க", "ஏங்க", "உங்களத்தான்" என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார்கள், மிதி விரியவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, "சூசை" என்றார்கள். சீட்டு அமுங்கியதும் மயினி சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே மண்ணில் உட்கார்ந்தார்கள். "எவ்வளவு சின்னப் பேரு பாருட்டி. இதைச் சொல்லவா இத்தனை காலம் பயந்தேன். இருந்தப்போ ஒருதரம் சொல்லியிருந்தா திரும்பிப் பாத்திருப்பாகளே" என்றார்கள். இப்போது காரணமே இல்லாமல் தெருவில் நின்று சூசை, சூசை என்று கூப்பிடுகிறார்கள், பெண்கள் கேலி செய்தாலும் கேட்பதில்லை.

அதைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நான் அவர் பேரைச் சொன்னதே இல்லை. எங்கள் கலியாணத்தில் சாமியார் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்கிற இடத்தில் ஒருதரம் பேர் வரும், எல்லாப் பெண்களுக்கும் ஆயுளில் அந்த ஒரு இடம்தான், எனக்கு அங்கே இருமல் வந்தது, சாமியார் சிரித்துவிட்டு அடுத்த வார்த்தைக்குப் போய்விட்டார். பேரை முழுங்கிட்டா, பாதிக் கலியாணம்தான் ஆச்சு என்று இவரே பல நாள் என்னைக் கேலி செய்திருக்கிறார். பேரைச் சொன்னால் விதவைகள்தான் சொல்வார்கள் என்று இப்போது ஊரில் ஆகிவிட்டது. நான் சொன்னால் நான் யார்?

ஊர் பொறுமையாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கடலுக்குப் போயிருக்கிறவர்களுக்காக மன்றாடும்போது அவர் பேரையும் சேர்த்தே படிப்பார்கள், அந்தப் பேர் வருகிற இடத்தில் மட்டும் சத்தம் தணியும். கல்லறைத் திருநாள் வந்துகொண்டிருந்தது, அன்றைக்கு இறந்தவர்கள் பேரை எல்லாம் படிப்பார்கள், எந்தப் பக்கத்தில் அவரைப் படிப்பது என்று சாமியாருக்குத் தெரியவில்லை. "ஒரே ஒருதரம் கூப்பிட்டுப் பாத்தா தெரிஞ்சு போயிரும்" என்று எல்லாரும் சொன்னார்கள், என்னிடம் சொல்லவில்லை, என் காதில் விழுகிற தூரத்தில் சொன்னார்கள்.

கொழுந்தன் ஒருநாள் துணிந்தான். "மயினி, நான் கூப்பிட்டுப் பாக்குதேன்" என்று வண்டிக்குப் பின்னால் போய் நின்றான். வாயைத் திறந்தான், "அண்ணே" என்றுதான் வந்தது. பிறந்ததிலிருந்து அவன் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. சங்குமணலில் தம்பிகளை விட்டுவிட்டுச் செத்துப்போன அண்ணன்கள் எத்தனை பேரோ, அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஏறினார்கள். சீட்டு மட்கார்டில் போய் இடித்தது, டயர் வெடித்தது, பீடியும் வியர்வையும் சாராயமும் தலைக்கு வைக்கிற எண்ணெயுமாகத் தெருவே மணத்தது. "எல எறங்குங்கல, என் அண்ணனத்தான கூப்பிட்டேன்" என்று ரெமிஜியுஸ் அதட்ட, பார்த்துக்கொண்டு நின்ற பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் அவர் இருந்தாரா இல்லையா, யார் கண்டது. எண்ணெய் வாசம் அவருடையது மாதிரி இருந்தது, ஆனால் அந்த எண்ணெயை ஊரில் பாதிப் பேர் வைப்பார்கள். கொழுந்தன் வெடித்த டயரைக் கழற்றிக்கொண்டே அழுதான்.

அதற்குப் பிறகு அக்சியை வண்டிக்குப் பக்கத்தில் வைத்து அப்பா என்று யாரும் சொல்ல விடுவதில்லை. அவளுக்கு இப்போதுதான் வார்த்தைகள் கூடி வருகின்றன. அப்பா வண்டி என்று சொல்ல வாயெடுப்பாள், உடனே யாராவது ஓடி வந்து வாயைப் பொத்தி, "மிட்டாய் வேணுமா மக்கா" என்று தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். மிட்டாய் என்றால் அப்பா என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள் போலிருக்கிறது, கடலைப் பார்த்து மிட்டாய் என்று கையை நீட்டுகிறாள்.

பேர் சொல்லிக் கூப்பிடக் கூடியவர்கள் இன்னும் ஒரே ஒருவர்தான், பெற்ற தாய். ஊர்க்காரர்கள் மாமியிடம் வந்து நின்றார்கள். மாமி நண்டு வலையிலிருந்து நண்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள், நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நான் வச்ச பேரு அது. வெளாடப் போனவன வீட்டுக்குக் கூப்பிடதுக்கு வச்சேன். சாவுக்குக் கூப்பிடதுக்கு வைக்கல. போங்க, ஒங்க ஒங்க பிள்ளையளக் கூப்பிட்டு ஏத்திட்டுப் போங்க" என்றார்கள்.

அவர்கள் விடியற்காலம் கரையில் நின்று அந்தப் பேரைக் கடலைப் பார்த்துக் கூப்பிடுவார்கள், அப்போது வண்டியை வீட்டுக்குள் தள்ளி, போர்வையால் மூடி, கதவைச் சாத்தச் சொல்லியிருக்கிறார்கள். நானும் அப்படியே செய்வேன். எங்கள் இரண்டு பேருக்கும் இந்த விஷயத்தில் சண்டையே வந்ததில்லை.

முன்னால் இருக்கிற இந்தக் குட்டி நாற்காலிதான் எல்லாவற்றையும் மாற்றியது. இது பிரிஜித்தின் பிள்ளைக்காக மாட்டியது. பிறந்து கண் திறக்காமலே போன பிள்ளை, ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவசரமாக ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றி வைத்த பேர், கல்லறைக் கல்லில் வெட்டியதோடு சரி, அதை யாரும் கூப்பிட்டதில்லை, கூப்பிட வாய்ப்பும் வரவில்லை. நேற்றுச் சாயங்காலம் பிரிஜித் எங்கள் வாசலுக்கு வந்து, அந்தப் பேரை எப்படிக் கூப்பிடுவது, நீட்டியா சுருக்கியா என்று தெரியாமல், தாலாட்டு மாதிரி இழுத்து, "ஜெனோவா" என்றாள். குட்டி பெல்ட் தானாக இறுகியது. நான் மெதுவாகத் தெருவைச் சுற்றி ஓட்டினேன், பிரிஜித் ஒரு கையை நாற்காலிமேல் வைத்தபடி கூடவே ஓடி வந்தாள், பால் மணம் தெருவெல்லாம் வந்தது, சாத்தியிருந்த சன்னல்கள் திறந்தன.

திரும்பி வந்தபோது மாமி வாசலில் நின்றார்கள். பிரிஜித் போன பிறகு கேட்டார்கள்.

"ஏட்டி, கூப்பிட ஆளில்லாதவுக எங்கட்டி நிப்பாக?"

"தெரியலையே மாமி."

"எல்லா வீட்டுப் பிள்ளையளும் ஏறிப் போறதப் பாத்துக்கிட்டு, நம்மள யாரும் கூப்பிடலையேன்னு, நனைஞ்ச துணியோட எங்கயாவது நிக்கானோ என்னமோ. சின்னதுலயே அவன் கூப்பிடாம சாப்பாட்டுக்கு வர மாட்டான். பந்தியில எடமிருந்தாலும் நிப்பான்."

அந்த நினைப்பு எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தது, அதை மாமியிடம் காட்டாமல் ஒளித்து வைத்திருந்தேன், அவர்களும் என்னிடமிருந்து அதையேதான் ஒளித்து வைத்திருந்திருக்கிறார்கள். அவர் இருக்கிறார் என்று நாங்கள் இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், அவர் இல்லையென்றால் அந்தப் பிடிவாதமே அவரைத் தெருவில் நிறுத்தி வைத்திருக்கிறது. மாமி ராத்திரி சாப்பிடவில்லை. காலையில் கரைக்கும் போகவில்லை. வண்டியத் தொடச்சு வை என்றார்கள்.

நாற்காலியைத் துடைத்தாயிற்று. மிதியைத் துடைத்தாயிற்று, குழாயில் குச்சி விட்டு மண்ணைத் தட்டியாயிற்று. இப்போது சாய்மானத்துக்கு வந்திருக்கிறேன். எத்தனையோ முதுகுகள் சாய்ந்து மெத்தையில் பள்ளம் விழுந்திருக்கிறது, ஆனால் மேல் ஓரம் மட்டும் புதிதாகவே இருக்கிறது, அந்த உயரத்துக்கு எங்கள் ஊரில் ஒருவர்தான் உண்டு. துணியைப் போட்டுவிட்டுக் கையாலேயே தடவுகிறேன். மாமி கூப்பிட்டு அவர் வந்துவிட்டால், பெற்ற வாயாலேயே கூப்பிட்டுச் சாகடித்தேன் என்று அவர்கள் மிச்ச நாளெல்லாம் தன்னை அறுத்துக்கொள்வார்கள், அவர்களுக்கு அது வேண்டாம். நான் இளையவள், என்னால் தாங்க முடியும், அல்லது முடியாது, ஆனால் பாதியில் நிற்கிற கலியாணம் என்னுடையது, அதை முடிக்க வேண்டியதும் நான்தான். வீட்டுக்குள் யாருமில்லாதபோது உதட்டை மட்டும் அசைத்துச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், சத்தமில்லாமல், முதல் எழுத்துக்கு உதடு ஒட்ட வேண்டும், கடைசி எழுத்துக்கு நாக்கு மேலே போக வேண்டும், சத்தம் மட்டும்தான் பாக்கி.

"இன்பென்டா, தொடச்சது போதும்ட்டி. வெளிச்சம் இருக்கும்போதே வண்டிய வெளிய எடுத்துட்டு வா. அக்சியையும் தூக்கிட்டு வா, பாக்கட்டும்."

வாறேன் மாமி, நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம், அங்கேயே நில்லுங்கள், நான் கூப்பிடுகிறேன், அவர் பேர்